ஏழு எண்கள்

மாங்குளம் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை.
நூற்று அறுபத்துநாலு பக்கப் பாடத்திட்டம்,
பக்கத்துக்குப் பதினைந்து ரூபா.
தொண்ணூற்றோராம் பக்கத்தில் கரண்ட் போனது.
"இதெல்லாம் நீர் படிச்சதோ?" என்றார் நகுலேசன்.
படித்ததுதான்.
ஆனால் படித்தேன் என்று நான் சொன்னால் செல்லாதாம்;
படித்தாள் என்று பல்கலைக்கழகம் சொல்லவேண்டும்,
உறையின் வாயில் முத்திரை குத்தி,
என் கை படாமல்.

பெலிகுலோயா மலையிலிருந்து கொழும்பு,
கொழும்பிலிருந்து மெல்பேர்ண்.
என் பட்டம் என்னை விட்டுவிட்டுப் போகிறது.
நான் ஒட்டுசுட்டானில் இருந்து
கூரியர் இலக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன்.

பெயரிலும் சிக்கல்.
பிறப்புச் சான்றிதழில் தெய்வேந்திரம் சுபவாணி.
அதுவும் மூலம் இல்லை,
மூலம் ஒரு பையோடு ஆனந்தபுரத்தில் போனது.
ஆங்கிலத்தில் எழுதும்போது
அடையாள அட்டையில் ஒரு எச் கூட,
பட்டத்தில் ஒரு எச் குறைய.
மூன்றுபேரும் ஒருத்திதான் என்று
சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்தேன்.
அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்,
மற்ற இரண்டுபேரும் எங்கே என்பதுபோல.

படிவத்தில் ஒரு கட்டம்:
கல்வியில் இடைவெளி இருப்பின் காரணம் தருக,
இருநூறு எழுத்துக்கு மேற்படாமல்.
இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது. எனக்குப் பதினாறு வயது.
எழுதியது இருநூற்றைத் தாண்டியது.
வெட்டினேன். இன்னும் தாண்டியது.
கடைசியில் "பாடசாலை இயங்கவில்லை" என்று போட்டேன்.
பிழை இல்லாத வசனம்.
மிச்சம் எத்தனை எழுத்து என்று
திரை ஓரத்தில் எண்ணிக் காட்டியது.

நான் நில அளவையாளர்.
எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும்.
ஒவ்வொரு வரைபடத்துக்கும் தன் பூச்சியம் உண்டு.
ஒரே கல், இரண்டு வரைபடத்தில் இரண்டு இடம்.
கல் அசைவதில்லை, எண்தான் அசையும்.
ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோக ஏழு எண்கள் போதும்:
மூன்று நகர்வு, மூன்று திருப்பம், ஒரு அளவுமாற்றம்.
இரண்டாம் வருடப் பாடம். நூற்றுப்பத்தாம் பக்கம்.
என்னைக் கொண்டுபோகும் ஏழும் ஆரிடம் இருக்கின்றன?

முத்தையன்கட்டு இடதுகரையில்
ஒருவரும் என்னிடம் பட்டம் கேட்டதில்லை.
"கதியாலை ஆர் நகர்த்தினது?" இதுதான் கேள்வி.
பழைய பெர்மிற் கல் ஒன்று,
வனத்திணைக்களம் நட்ட கல் ஒன்று,
கண்ணி அகற்றினவர்கள் விட்டுப்போன மஞ்சள் முளை.
மூன்றும் மூன்று கதை சொல்லும்.
நான் கையெழுத்து வைத்தால் ஒரு கதை நிற்கும்,
சிலவேளை ஒரு குடும்பமே என்னோடு பேச்சை நிறுத்தும்.

மேற்பார்வையின் கீழ் களத்தில் எத்தனை மணிநேரம்?
சான்று இணைக்கவும்.
சேனாரத்ன ஐயா ஓய்வுபெற்றுக் குருநாகலில்.
அடுத்த நாளே கையெழுத்தில் கடிதம் வந்தது:
"மணிநேரம் நான் எண்ணவில்லை.
அந்தக் காடுகளில் அவள் கால் வைத்த இடத்தில்தான்
நான் கால் வைத்தேன்."
அழகான கடிதம்.
ஏற்கவில்லை. தலைப்பிட்ட தாளில் இல்லையாம்.

இரவு பதினொன்றரைக்கு மின்னஞ்சல்.
வாழ்த்துடன்தான் தொடங்கியது.
என் நாலு வருடம் அவர்களுக்கு மூன்று வருடம்;
பட்டம், டிப்ளோமாவுக்குச் சமம்.
விரும்பினால் மீளாய்வுக்குப் பணம் கட்டலாம்.
நுளம்புவலைக்குள் படுத்தபடி வகுத்துப் பார்த்தேன்.
அளவுமாற்றம் கிடைத்துவிட்டது: பூச்சியம் தசம் ஏழு ஐந்து.
இன்னும் ஆறு.

விடிய ஆறரைக்கு முக்காலியை விரித்து
குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
சீவரத்தினமும் மைத்துனரும்
வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்,
ஒருவரை ஒருவர் பாராமல்.
களக்குறிப்புக் கொப்பி முடிந்துவிட்டது.
கரண்ட் போனதில் பாதியில் நின்ற தாள் பைக்குள் இருந்தது.
ஒரு பக்கம், அரைவாசி அச்சான தொண்ணூற்றொன்று.
மறுபக்கம் வெள்ளை.
அதில் வடக்கு எது என்று முதலில் ஒரு அம்புக்குறி போட்டேன்.